ஆல்பிரட் பினே

ஆல்பிரட் பினே (ஜூலை 8, 1857 – அக்டோபர் 18, 1911) பிரான்சு நாட்டைச் சேர்ந்த உளவியலாளர் ஆவார். சிறுவர்களின் நுண்ணறிவை மதிப்பிடுவதற்கான, நடைமுறையில் பயன்படத்தக்க முதல் அளவுகோலை இவர் தியோடர் சிமோன் என்னும் மருத்துவருடன் இணைந்து 1905 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று வழங்கும் நுண்ணறிவுச் சோதனைகள் பலவும் பினே–சிமோன் அளவுகோலின் வழிவந்தவை. ஆயினும் "நுண்ணறிவு ஈவு" என்னும் கருத்துரு இவருடையதன்று. அது இவர் இறந்த பின்னர் பிறரால் சேர்க்கப்பட்டது.

பினேயின் பெயர் ஒரு சோதனையோடு மட்டும் சேர்த்து நினைக்கப்படுவதால், உளவியல் ஆய்வு முறைகளுக்கு இவர் ஆற்றிய பங்களிப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. அளப்பவரின் எதிர்பார்ப்பு அளவீட்டையே மாற்றிவிடும் என்பதை இவர் தம் சொந்தப் பிழைகளின் வழியாகக் கற்றவர். 1905 அளவுகோலின் அமைப்பிலும், அதன் பயன்பாட்டுக்கு இவர் இட்ட கட்டுப்பாடுகளிலும் அந்தப் படிப்பினையின் தடம் உண்டு.

இளமையும் கல்வியும்

பினே மத்தியதரைக் கடற்கரையில் உள்ள நீசு நகரில் பிறந்தார். அந்நகரம் அப்பொழுது சார்டீனிய அரசுக்கு உட்பட்டிருந்தது. 1860 இல்தான் பிரான்சுடன் இணைந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்தபின் தாயாரிடம் வளர்ந்த பினே, பதின்ம வயதில் அவருடன் பாரிசுக்கு வந்து புகழ்பெற்ற லூயி-லெ-கிரான் பள்ளியில் பயின்றார். 1878 இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். அத்தொழிலில் ஈடுபாடு கொள்ளவில்லை. மருத்துவப் படிப்பைத் தொடங்கி அதையும் இடையில் விட்டார்.

இதன்பின் பினே பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் உளவியல் நூல்களைத் தாமே படிக்கத் தொடங்கினார். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் இசுடூவர்ட் மில்லின் எழுத்துக்கள் இவரைப் பெரிதும் கவர்ந்தன. உளவியலில் இவருக்கு ஆசிரியர் என்று எவரும் இருக்கவில்லை. இதனால் சிந்தனையில் சுதந்திரம் இருந்தது, பயிற்சியின்மையும் இருந்தது. 1880 இல் இவர் வெளியிட்ட முதற் கட்டுரை தொடுபுலனைப் பற்றியது. கவராயத்தின் இரு முனைகளைத் தோலின் மீது வைத்து, அவை எவ்வளவு நெருங்கும்போது ஒரே முனையாக உணரப்படுகின்றன என்று காண்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்த ஒரு சோதனை. பினேயின் கட்டுரையைப் படித்த பெல்சிய அறிஞர் யோசெப் தெல்பேவ், அதில் கூறப்பட்டவற்றுள் சில ஏற்கனவே அறியப்பட்டவை என்றும், வேறு சில பிழையானவை என்றும் சுட்டிக்காட்டினார். இதே தெல்பேவ் சில ஆண்டுகளில் மறுபடியும் பினேயின் வாழ்வில் குறுக்கிட்டார்.

சால்பேத்ரியரும் காந்தமும்

1880களின் தொடக்கத்தில் பினே பாரிசின் சால்பேத்ரியர் மருத்துவமனையில், நரம்பியல் மருத்துவர் சான் மார்ட்டின் சார்க்கோவின் கீழ் ஆய்வு செய்யத் தொடங்கினார். சார்க்கோ அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றவர். அறிதுயில் நிலை இசிப்பு நோய் உடையோரிடம் மட்டுமே தோன்றும் ஓர் உடலியல் நிகழ்வு என்பது அவர் கொள்கை. நான்சி நகரத்து மருத்துவர்களான லியேபோவும் பெர்னையமும் இதை மறுத்தனர். அறிதுயில் என்பது கருத்தேற்றத்தின் விளைவே என்றும், நலமுடையோரிடமும் அதைத் தோற்றுவிக்கலாம் என்றும் அவர்கள் கூறினர்.

பினே தம் ஆசிரியரின் பக்கம் நின்றார். சார்லசு பெரே என்பவருடன் சேர்ந்து இவர் செய்த சோதனைகள் வியப்பூட்டும் முடிவுகளைத் தந்தன. அறிதுயிலில் ஆழ்த்தப்பட்ட பெண் ஒருவரின் வலக்கை செயலிழந்திருக்கும்போது அருகில் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தால், செயலிழப்பு இடக்கைக்கு மாறியது. அவ்வாறே காந்தத்தால் ஓர் உணர்ச்சியை அதற்கு எதிரான உணர்ச்சியாக மாற்றவும் முடிந்தது. அச்சம் துணிவாயிற்று. இவற்றை இருவரும் கட்டுரைகளிலும், 1887 இல் வெளிவந்த விலங்குக் காந்தம் பற்றிய நூலிலும் உறுதியாக எழுதினர்.

தெல்பேவ் இதை நம்பவில்லை. நேரில் காண்பதற்காகவே பாரிசுக்கு வந்தார். சோதனைகள் மிகச் சில நோயாளிகளிடமே செய்யப்பட்டன. அவர்களுள் முதன்மையானவர் பிளான்சு விட்மன் என்பவர். ஆய்வாளர்கள் என்ன நடக்கப்போகிறது என்பதை அவர் முன்னிலையிலேயே பேசிக்கொண்டனர். காந்தம் மறைக்கப்படவில்லை. அறிதுயிலில் இருப்பவர் எதையும் கேட்கவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. தெல்பேவ் இலியேசு நகருக்குத் திரும்பி, உரிய முன்னெச்சரிக்கைகளுடன் அதே சோதனைகளைச் செய்தபோது காந்தத்திற்கு எவ்விளைவும் இல்லை எனக் கண்டார். நோயாளிகள் தம்மிடம் எதிர்பார்க்கப்பட்டதையே செய்து காட்டினர் என்பது தெளிவாயிற்று.

பினே உடனடியாகப் பணியவில்லை. சூடான மறுமொழிகளை எழுதினார். ஆனால் சான்றுகள் குவிந்தபோது தம் நிலைப்பாட்டைக் கைவிட்டு, கருத்தேற்றத்தைக் கவனியாமல் விட்டதை எழுத்திலும் ஒப்புக்கொண்டார். 1890 அளவில் சால்பேத்ரியரை விட்டு விலகினார். அறிவியல் உலகில் பகிரங்கமாகப் பிழைபட்ட முப்பது வயதுடைய ஒருவருக்கு இது எளிதான காலமாக இருந்திருக்க முடியாது. எனினும் சோதனைக்கு உள்ளாவோர் அறியாமலே பெறும் குறிப்புகள் முடிவுகளைக் கெடுக்கும் என்பது இதன்பின் இவரது எல்லா ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப எழும் கவலையாயிற்று.

இரு மகள்கள்

1884 இல் பினே, கருவியல் அறிஞர் எடுவார் பல்பியானியின் மகளான லோரை மணந்தார். 1885 இல் மதலேனும், 1887 இல் ஆலிசும் பிறந்தனர். மருத்துவமனையை விட்ட பினேக்கு இவ்விரு குழந்தைகளே ஆய்வுக்குரியோர் ஆயினர்.

1890 இல் இவர் வெளியிட்ட மூன்று கட்டுரைகள் குழந்தைகளின் அறிதிறனை ஆராய்ந்தவற்றுள் முன்னோடியானவை. இரு குவியல்களாகக் காய்களை வைத்து எதில் கூடுதலாக உள்ளது என்று மகளிடம் கேட்டார். எண்ணத் தெரியாத குழந்தை, எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. குவியல் பரவியிருந்த இடத்தின் அளவைக் கொண்டே விடை சொன்னது. சிறிய காய்கள் பலவற்றைவிடப் பெரிய காய்கள் சில, குழந்தைக்குக் கூடுதலாகத் தோன்றின. பல பத்தாண்டுகளுக்குப் பின் சான் பியாசே விரிவாக ஆராய்ந்த சிக்கலின் ஒரு வடிவம் இது.

பொருள் என்ன என்று கேட்டால், குழந்தைகள் அதன் பயனைக் கொண்டே விடையளிப்பதையும் பினே குறித்தார். கத்தி என்பது வெட்டுவதற்கு. நாற்காலி என்பது உட்காருவதற்கு. இந்த அவதானிப்பு பிற்பாடு அளவுகோலில் ஆறு வயதுக்குரிய வினாக்களுள் ஒன்றாக இடம்பெற்றது.

மகள்களைத் தொடர்ந்து அவதானித்ததன் பயன் 1903 இல் வெளிவந்த நுண்ணறிவின் சோதனை ஆய்வு என்னும் நூல். அதில் இருவருக்கும் மார்கெரித், அர்மாந்து என்று மாற்றுப் பெயர்கள் இட்டுள்ளார். மூத்தவள் கண்முன் உள்ளதைத் துல்லியமாகக் கவனிப்பவள். இளையவள் கற்பனையில் ஈடுபடுபவள். ஒரே வீட்டில், ஒரே வகையில் வளர்ந்த இருவரின் சிந்தனை இவ்வளவு வேறுபடுவதை எந்த ஒற்றை எண்ணாலும் காட்ட இயலாது. மனத்தில் படிமம் எதுவும் தோன்றாமலே சிந்தனை நிகழக்கூடும் என்னும் முடிவுக்கும் பினே இந்நூலில் வந்தார்.

சோர்பான் ஆய்வுகூடம்

1891 இல் ரூவான் நகரத் தொடருந்து நிலையத்தில் பினே தற்செயலாக ஆன்றி போனீசைச் சந்தித்தார். போனீசு, சோர்பானில் 1889 இல் தொடங்கப்பட்ட உடலியல் உளவியல் ஆய்வுகூடத்தின் இயக்குனர். ஊதியம் ஏதுமின்றி அங்கே பணிபுரிய விரும்புவதாகப் பினே கேட்க, அவர் இசைந்தார். குடும்பச் சொத்து இருந்தமையால் பினேயால் அவ்வாறு கேட்க முடிந்தது. 1894 இல் போனீசு ஓய்வுபெற்றபோது பினே இயக்குனரானார். இறக்கும்வரை அப்பொறுப்பை வகித்தார். அதே ஆண்டில் பூச்சிகளின் நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வேட்டுக்காக அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். உளவியலாளராக அறியப்படுபவரின் ஒரே முனைவர் பட்டம் பூச்சியியல் சார்ந்தது என்பது விந்தையே. போனீசுடன் சேர்ந்து இவர் நிறுவிய "உளவியல் ஆண்டு" என்னும் இதழின் முதல் தொகுதி 1895 இல் வெளிவந்தது.

இவ்வாண்டுகளில் பினே எடுத்துக்கொண்ட பொருள்கள் பலதரப்பட்டவை. மேடைகளில் பெருங்கணக்குகளை மனத்தாலேயே செய்துகாட்டிய இனோதி, தியமாந்தி ஆகிய இருவரை ஆராய்ந்து, முன்னவர் எண்களைக் காதால் கேட்பதுபோலவும் பின்னவர் கண்ணால் காண்பதுபோலவும் நினைவில் வைக்கின்றனர் எனக் கண்டார். பலகையைப் பார்க்காமலே சதுரங்கம் ஆடுவோர் மனத்தில் பலகையின் தெளிவான படத்தைக் காண்பர் என்று கருதி வினாக்களை அனுப்பினார். தேர்ந்த ஆட்டக்காரர் பலர் அப்படி எதையும் காண்பதில்லை என்று விடை வந்தது. அவர்கள் நினைவில் வைத்திருந்தது காய்களின் நிறத்தையோ வடிவத்தையோ அல்ல. அவற்றிடையே உள்ள உறவுகளை. பினே தம் கருதுகோளை மாற்றிக்கொண்டார். கண்கட்டு வித்தைக்காரர்களின் கையசைவுகளைத் தொடர் ஒளிப்படங்களாக எடுத்தும் ஆராய்ந்தார்.

ஆயினும் பினேக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1902 இல் பிரான்சுக் கல்லூரியில் ரிபோவின் இடத்துக்கு முயன்றபோது அது பியர் சனேக்குச் சென்றது. சோர்பானில் வேண்டிய இடம் சார்சு தூமாவுக்குக் கிடைத்தது. மாணவர்களை உருவாக்கும் நிலை இல்லாததால், இவரது முறைகளைப் பிரான்சில் தொடர்வோர் மிகச் சிலரே இருந்தனர். அளவுகோல் கடல் கடந்து அயலார் கையில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கருத்தேற்றம் பற்றிய ஆய்வுகள்

முன்பு தம்மை ஏமாற்றிய கருத்தேற்றத்தைப் பினே இப்பொழுது ஆய்வுப்பொருளாகவே எடுத்துக்கொண்டார். 1900 இல் வெளிவந்த நூலில் பள்ளிச் சிறுவர்களிடம் செய்த சோதனைகள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றில், சிறுவருக்குக் கோடுகள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. ஒவ்வொன்றின் நீளத்தையும் தாளில் குறிக்க வேண்டும். முதலிற் சில கோடுகள் படிப்படியாக நீண்டுகொண்டே போகும். அதன்பின் வருபவை அனைத்தும் ஒரே நீளம். பெரும்பாலான சிறுவர்கள் கோடு வளர்வது நின்ற பின்னரும் நீளத்தைக் கூட்டிக்கொண்டே சென்றனர். இங்கே எவரும் எதையும் சொல்லவில்லை. தொடர் தோற்றுவித்த எதிர்பார்ப்பே கண்ணை வென்றது.

வேறொரு சோதனையில், அட்டை ஒன்றில் பொருத்தப்பட்ட சில பொருள்களைச் சிறிது நேரம் காட்டி மறைத்தபின் வினவினார். தாமே நினைவிலிருந்து எழுதியவர்களைவிட வினாக்களுக்கு விடையளித்தவர்கள் மிகுதியாகத் தவறினர். இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொண்டு கேட்கப்பட்ட வினாக்கள் மிகுந்த தவறுகளை விளைவித்தன. நீதிமன்றங்களில் சிறுவர் சாட்சியம் எவ்வாறு பெறப்பட வேண்டும் என்னும் கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்துவது என்பதைப் பினே உணர்ந்திருந்தார். சிறுவர்களைக் குழுவாக வைத்துக் கேட்டபோது, முதலில் விடை சொன்னவரையே மற்றவர் பின்பற்றுவதையும் பதிவுசெய்தார். இத்துறையில் பெரிதும் பேசப்படும் சாலமன் ஆசின் சோதனைகள் நிகழ்ந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே.

தலையை அளத்தல்

மண்டையின் அளவு அறிவைக் காட்டும் என்பது 19 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வேரூன்றியிருந்த கருத்து. பினேயும் அதை ஏற்றே தொடங்கினார். 1898 முதல் சில ஆண்டுகள் பாரிசைச் சூழ்ந்த பள்ளிகளுக்குச் சென்று, ஆசிரியர்களால் மிகத் திறமையானவர் என்றும் மிகப் பின்தங்கியவர் என்றும் குறிக்கப்பட்ட மாணவர்களின் தலைகளை அளந்தார். கிடைத்த வேறுபாடு ஓரிரு மில்லிமீட்டர் அளவே.

பிறர் இதையே ஆதாரமாக வெளியிட்டு நிறுத்தியிருக்கக்கூடும். சால்பேத்ரியரை மறவாத பினே, அந்த மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தாமும் சிமோனும் ஒரே தலைகளை மீண்டும் அளந்தபோது எண்கள் மாறின. மாற்றம் தற்செயலாக அமையவில்லை. அறிவில் குறைந்தவர் என முன்பே அறிந்தவரின் தலையை அளக்கும்போது கைகள் அறியாமலே சற்றுச் சிறிய அளவை நோக்கிச் சாய்ந்தன. கருவி திருத்தமானதுதான், அதைப் பிடித்திருந்த கைதான் முடிவை முன்பே அறிந்திருந்தது. தம் அளவீட்டில் கண்ட இந்தச் சாய்வைப் பினே மறைக்காமல் வெளியிட்டு, மண்டை அளவீட்டால் தனியொரு சிறுவரின் அறிவைக் கணிக்க இயலாது என்று முடிவு செய்தார்.

இதே காலத்தில் பிரித்தானியாவின் கால்டனும் ஐக்கிய அமெரிக்காவின் கேட்டலும் கையின் பிடிவலு, எதிர்வினை நேரம், புலன் கூர்மை முதலியவற்றை அளந்து அறிவை மதிப்பிட முயன்றனர். 1901 இல் கிளார்க் விசுலர், கேட்டலின் அளவீடுகளை மாணவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு எனத் தெரிந்தது. பினே 1896 இலேயே விக்தர் ஆன்றியுடன் எழுதிய கட்டுரையில், எளிய புலன்களை விடுத்து நினைவு, கவனம், கற்பனை, புரிதல் போன்ற சிக்கலான செயல்களையே அளக்க வேண்டும் என்று வாதிட்டிருந்தார். அவற்றைத் துல்லியமாக அளப்பது கடினம். ஆனால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடுவது அவற்றிலேயே. ஆகவே அங்கே அவ்வளவு துல்லியம் தேவைப்படாது என்பது இவரது வாதம்.

1904 ஆணைக்குழு

1880களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டங்களால் பிரான்சில் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. இதனால் முன்பு பள்ளிக்கே வராத பிள்ளைகளும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களுள் சிலரால் வகுப்போடு செல்ல முடியவில்லை. அவர்களை என்ன செய்வது என்பது கேள்வியாயிற்று. மனநல மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம் என்போரும் இருந்தனர்.

சிறுவர் உளவியல் ஆய்வுக்கான சங்கம் ஒன்றில் பினே முன்னணிப் பங்கு வகித்தார். இச்சங்கத்தின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1904 இல் கல்வி அமைச்சகம் லெயோன் பூர்சுவாவின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. பினேயும் அதன் உறுப்பினர். உரிய பரிசோதனை இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சாதாரணப் பள்ளியிலிருந்து நீக்கித் தனி வகுப்பில் சேர்க்கக்கூடாது என்று குழு தீர்மானித்தது. அந்தப் பரிசோதனை எவ்வாறு செய்யப்படும் என்பதை அது விளக்கவில்லை.

பினேயைப் பொறுத்தவரை சிக்கலே அதுதான். ஒரே சிறுவரைப் பார்த்த மருத்துவர்கள் சில நாள் இடைவெளியில் வெவ்வேறு பெயர்களிட்டுச் சான்றிதழ் எழுதியதை இவர் எடுத்துக்காட்டினார். ஆசிரியர்களுக்கும் வேறு நோக்கங்கள் இருக்கலாம்; குறும்பு செய்பவனை வகுப்பிலிருந்து அகற்ற விரும்பலாம். பெற்றோர் ஒருபுறம் குறையை மறைக்கலாம்; மறுபுறம் பிள்ளையை எங்கேனும் சேர்த்துவிட மிகைப்படுத்தலாம். தனி வகுப்புக்குச் சென்றவன் என்னும் பெயர் ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது. எனவே யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும் முறை ஒன்று தேவைப்பட்டது.

பினே–சிமோன் அளவுகோல்

சிமோன், பாரிசுக்கு அருகிலுள்ள பெரே-வோக்லூசு மனநல நிலையத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர். அங்கே மருத்துவர் பிளேனும் அவர் மாணவர் தமாயும் வினாக்களைக் கொண்டு அறிவுக்குறையை மதிப்பிட முயன்றிருந்தனர். அம்முயற்சியின் நிறைகுறைகளை ஆராய்ந்த பினேயும் சிமோனும் 1905 இல் தம் அளவுகோலை வெளியிட்டனர். அதில் எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் 30 சோதனைகள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது முதலாவது. சாக்கொலேட்டுத் துண்டையும் அதே அளவான மரத்துண்டையும் வேறுபடுத்தி அறிவது, படத்தில் உள்ள பொருளைக் காட்டுவது, மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது ஆகியன இடையில் வருவன. ஈயும் வண்ணத்துப்பூச்சியும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று சொல்வதும், கொடுக்கப்பட்ட மூன்று சொற்களை வைத்து வாக்கியம் அமைப்பதும், சலிப்புக்கும் துயரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவதும் கடினமானவை.

எழுத்தறிவையும் பள்ளிப்பாடங்களையும் சார்ந்த வினாக்களை இவர்கள் இயன்றவரை தவிர்த்தனர். அளக்க விரும்பியது பிள்ளை கற்றிருப்பதை அன்று. அதன் புரிந்துகொள்ளும் ஆற்றலை, சூழலுக்கு ஏற்ப நடக்கும் ஆற்றலை, தன் விடையைத் தானே சரிபார்க்கும் ஆற்றலை. நுண்ணறிவு என்பது யாது என்று முதலில் வரையறுத்துவிட்டு அளக்கத் தொடங்கவில்லை என்பதும் கருதத்தக்கது. வயது கூடக்கூட எந்தச் செயல்களை மேலும் பல பிள்ளைகள் செய்ய முடிகின்றது என்று பார்த்தே சோதனைகள் தெரிவு செய்யப்பட்டன. இம்முறையின் வலிமையும் வலுவின்மையும் இங்கேதான் உள்ளன.

சோதனையை நடத்தும் முறைக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. அமைதியான அறையில் பிள்ளையைத் தனியே அமர்த்த வேண்டும். அன்பாகப் பேச வேண்டும், விடையைக் குறிப்பால் உணர்த்தக்கூடாது, கற்பிக்கவும் கூடாது. வினாவின் சொற்களை மாற்றக்கூடாது. சால்பேத்ரியரில் நடந்தவற்றை அறிந்தவர்க்கு இவ்விதிகளின் பின்னணி விளங்கும்.

1908 இல் வெளிவந்த திருத்தம்தான் அளவுகோலை உலகறியச் செய்தது. சோதனைகள் இப்போது 3 முதல் 13 வரையான வயதுகளுக்குப் பிரித்து அடுக்கப்பட்டன. மூன்று வயதில் மூக்கு, கண், வாயைக் காட்ட வேண்டும். தன் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் சதுரத்தைப் பார்த்து வரையவும், நான்கு காசுகளை எண்ணவும் வேண்டும். ஆறு வயதில் வலக்கையையும் இடக்காதையும் காட்ட வேண்டும். குறித்த வயதுப் பிள்ளைகளுள் ஏறக்குறைய முக்காற்பங்கினர் செய்யக்கூடிய சோதனையே அவ்வயதுக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது. ஒரு பிள்ளை எந்த வயதுவரையான சோதனைகளில் தேறுகின்றதோ அதுவே அப்பிள்ளையின் "உளமட்டம்". பிறர் இதனை "மன வயது" என்று மாற்றி வழங்கினர். 1911 திருத்தத்தில் வயதுக்கு ஐந்து சோதனைகள் என ஒழுங்குபடுத்தப்பட்டு, பெரியோருக்கான சோதனைகளும் சேர்க்கப்பட்டன.

குறைகளும் வெளிப்பட்டன. பெல்சியத்தில் தெக்ரோலியும் தெகாந்தும் தனியார் பள்ளியொன்றின் பிள்ளைகளைச் சோதித்தபோது, அவர்கள் பாரிசுப் பிள்ளைகளைவிட ஓராண்டுக்கும் மேலாக முன்னிற்பதைக் கண்டனர். பினேயின் பிள்ளைகள் பெரும்பாலும் உழைக்கும் வகுப்பினர் வாழும் பகுதிகளின் அரசுப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். பினே இதை மறுக்கவில்லை. வீட்டுச் சூழலும் மொழிப்பழக்கமும் விடைகளைப் பாதிக்கின்றன என்பதை ஏற்று, எந்தச் சோதனைகள் அவற்றால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன என்று ஆராயத் தொடங்கினார்.

பினே வகுத்த எல்லைகள்

அளவுகோல் தரும் எண், நீளத்தையோ எடையையோ போன்ற அளவு அன்று என்பதைப் பினே வலியுறுத்தினார். நுண்ணறிவுகளைக் கூட்டவோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவோ முடியாது. கிடைப்பது வரிசைப்படுத்தல் மட்டுமே. ஒரு பிள்ளை இன்ன வயதுப் பிள்ளைகளைப் போல் விடையளித்தது என்பதற்குமேல் அதில் பொருளில்லை. அது அன்றைய நிலையையே காட்டும். வருங்காலத்தையோ காரணத்தையோ காட்டாது. உளமட்டம் வயதுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பின்தங்கியிருந்தால் அப்பிள்ளையை மேலும் கவனமாக ஆராய வேண்டும். எண்ணைக் கொண்டே முடிவுகட்டக்கூடாது.

1909 இல் வெளியிட்ட சிறுவர் பற்றிய புதிய கருத்துக்கள் என்னும் நூலில், ஒருவரின் நுண்ணறிவு கூட்ட இயலாத நிலையான அளவு என்னும் கருத்தைப் பினே வன்மையாக மறுத்தார். தனி வகுப்புகளுக்கென "உள எலும்புச் சீரமைப்பு" என்று பெயரிட்ட பயிற்சிகளை வகுத்தார். சிலைபோல் அசையாமல் நிற்பது, நீர் நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாமல் கொண்டுசெல்வது, பலகையில் ஒட்டிய பொருள்களை ஒரு நோக்கில் நினைவிற் கொள்வது போன்றவை அவை. கற்க வேண்டியதற்கு முன் கவனிக்கக் கற்க வேண்டும் என்பது நோக்கம். அதே ஆண்டில் பிரான்சில் தனி வகுப்புகளை அமைப்பதற்கான சட்டம் நிறைவேறியது.

பினே இறுதியாண்டுகளில் ஆந்திரே தெ லோர்துடன் சேர்ந்து மேடை நாடகங்களும் எழுதினார். இவற்றுள் 1910 இல் அரங்கேறிய ஒன்று, மனநோயாளி ஒருவரைக் காலத்திற்கு முன்பே வீட்டுக்கு அனுப்புவதால் விளையும் கொடுமையைக் காட்டுவது. 1911 அக்டோபர் 18 அன்று பாரிசில் தமது 54 ஆம் வயதில் பினே காலமானார்.

அளவுகோலின் பின்வரலாறு

பினே இறந்த மறு ஆண்டில், ஜெர்மனியின் வில்லியம் இசுடேர்ன் உளமட்டத்தை உண்மை வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். பன்னிரண்டு வயதில் இரண்டாண்டு பின்தங்குவதைவிட ஐந்து வயதில் இரண்டாண்டு பின்தங்குவது கடுமையானது என்பதால், கழித்தலைவிட வகுத்தல் பொருத்தமானது என்பது காரணம். 1916 இல் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தின் லூயிசு டெர்மன், ஈவை 100 ஆல் பெருக்கினார். பத்து வயதில் எட்டு வயதுக்குரிய உளமட்டம் உடையவரின் நுண்ணறிவு ஈவு 80. கணக்கு எளிமையானது. ஆனால் "இன்று எட்டு வயதுப் பிள்ளையைப் போல் விடையளித்தது" என்னும் செய்தி, "இப்பிள்ளை 80" என்று உருமாறியது. முன்னது ஒரு நாளைப் பற்றியது; பின்னது பிள்ளையைப் பற்றியதாகிவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவுக்கு அளவுகோலை முதலில் கொண்டுசென்றவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்தில் பணியாற்றிய என்றி காடர்டு. இவர் அறிவுக்குறை மரபுவழி வருவது, மாற்ற முடியாதது என்று நம்பினார். 1913 இல் எல்லிசுத் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சோதித்து, சில இனத்தவருள் ஐவரில் நால்வர் வரை அறிவுக்குறை உடையோர் என்று அறிவித்தார். நெடும் பயணத்தால் களைத்தவர்கள், அச்சமுற்றவர்கள், பலர் எழுதுகோலையே பிடித்தறியாதவர்கள். பினே வகுத்த சோதனை விதிகளுள் பல இங்கே கைவிடப்பட்டன. முதல் உலகப் போரின்போது சுமார் 17 இலட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் குழுவாகச் சோதிக்கப்பட்டனர். அம்முடிவுகள் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் வாதங்களுக்குப் பயன்படுத்தப்பட்டன. வர்ஜீனியாவில் கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை 1927 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்ற வழக்கிலும் இசுடான்போர்டு–பினே சோதனையில் பெற்ற மன வயது சான்றாக முன்வைக்கப்பட்டது. 1928 இல் காடர்டு தம் முந்தைய கருத்துக்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றார். 1961 வரை வாழ்ந்த சிமோன், ஈவு என்னும் கருத்துரு தங்கள் அளவுகோலின் நோக்கத்துக்குச் செய்யப்பட்ட துரோகம் என்றே கருதினார்.

வளர்ந்தோருக்கு வயதால் வகுக்கும் முறை பொருந்தாது. முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் தனித்தனி உளமட்டம் காண முடியாது. இதனால் 1939 இல் டேவிடு வெச்சுலர், ஒருவரின் மதிப்பெண்ணை அவரது வயதுக்குழுவின் சராசரியோடு ஒப்பிடும் முறையைக் கையாண்டார். இன்றைய சோதனைகள் இம்முறையையே பின்பற்றுகின்றன. "ஈவு" என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் லாகூரில் பணியாற்றிய எர்பர்ட்டு ரைசு 1929 இல் இந்துசுத்தானி மொழியில் ஒரு பினே அளவுகோலை வெளியிட்டார். பின்னர் வி. வி. காமத் கன்னடம், மராத்தி ஆகிய மொழிகள் பேசும் பிள்ளைகளுக்கு ஏற்பச் சோதனைகளைத் தழுவி அமைத்தார். தழுவும்போது வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. எந்த வினா எந்த வயதுக்கு உரியது என்பதை அந்தந்த மொழிப் பிள்ளைகளிடம் புதிதாகக் கண்டறிய வேண்டும்.

பாரிசில் பினேயின் பணி வேறொரு வழியிலும் தொடர்ந்தது. இவர் கிராஞ்சு-ஒ-பெல் தெருவிலுள்ள பள்ளியில் நிறுவிய ஆய்வுகூடத்தில், முதல் உலகப் போருக்குப் பின் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்குச் சிமோன் வேலை கொடுத்தார். ஆங்கிலேயச் சோதனை ஒன்றைப் பாரிசுப் பிள்ளைகளுக்கு ஏற்பத் தரப்படுத்துவது அவ்வேலை. சரியான விடைகளை எண்ணுவதில் சலிப்புற்ற அவ்விளைஞர், ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வகையான தவறுகளைச் செய்வதைக் கவனித்து, ஏன் அவ்வாறு நினைத்தார்கள் என்று அவர்களையே கேட்கத் தொடங்கினார். அவர்தான் சான் பியாசே.